எங்கும் போகாத படிக்கட்டு

போன செப்டம்பரில் ஒரு வாரம் இங்கிலாந்தின் கிழக்கோரம், நார்ஃபோக் பக்கம் சுற்றிக்கொண்டிருந்தேன். பழைய ஊர்த் தேவாலயங்களைப் பார்ப்பதுதான் வேலை. அதற்கு அங்கே பஞ்சமே இல்லை. இடைக்காலத்தில் கட்டியவை மட்டும் 600க்கு மேல் இன்னும் நிற்கின்றன. அப்படி ஒரு சின்னத் தேவாலயத்தில், வடக்குச் சுவருக்குள்ளேயே குடைந்த மாதிரி ஒரு படிக்கட்டு இருந்தது. இரண்டு தோளும் இடிக்கிற அகலம். மணிக்கூண்டுக்குப் போகிற வழி போலிருக்கு என்று ஏறினேன். ஏழெட்டுப் படி, ஒரு திருப்பம், அப்புறம் குட்டியாக ஒரு வாசல். வாசலுக்கு அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை. காற்றுதான். பத்தடி கீழே தரை.

கட்டினவர் கணக்கைத் தப்பாகப் போட்டுட்டாரோ என்று நினைத்துக்கொண்டு இறங்கி வந்தேன். அடுத்த மூன்று நாளில் இதே மாதிரி இன்னும் நாலைந்து படிக்கட்டு. சிலவற்றில் கீழ்வாசலை அடைத்திருந்தார்கள், சிலவற்றில் மேல்வாசலை. இத்தனை பேர் ஒரே தப்பைப் பண்ண முடியாது இல்லையா? அந்தப் படிக்கட்டுகள் எங்கேயோ போய்க்கொண்டிருந்தன. போய்ச் சேரவேண்டிய இடத்தைத்தான் யாரோ எடுத்துவிட்டார்கள்.

அது என்ன இடம், யார் எடுத்தார்கள் என்று தேடப் போனதில் சேர்ந்த குறிப்புகள் இவை.

முதலில் கட்டடம். ஆங்கில ஊர்த் தேவாலயம் என்பது பெரும்பாலும் கிழக்கு மேற்காக நீண்ட இரண்டு அறைகள். மேற்கே பெரிய அறை, மக்கள் நிற்கிற இடம். இதை நேவ் என்பார்கள். கிழக்கே சின்ன அறை, பலிபீடம் இருக்கிற இடம். இது சான்சல். நடுவில் ஒரு வளைவு. மேற்குக் கடைசியில் மணிக்கூண்டு. பணம் வந்தபோது நேவின் இரண்டு பக்கமும் தாழ்வாரம் மாதிரி இடைகழிகள் சேர்த்துக்கொண்டார்கள். நார்ஃபோக்கில் நல்ல கட்டடக் கல் கிடைக்காது. கிடைத்ததெல்லாம் சக்கிமுக்கிக் கல். அதனால் சுவர் முழுக்க உருண்டைக் கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் பதித்துக் கட்டியிருப்பார்கள். அந்தக் கல்லில் மூலை பிடிப்பது கஷ்டம். வட்டக் கோபுரங்கள் அங்கே அவ்வளவு இருப்பதற்கு அதுதான் காரணம் என்று வழக்கமாகச் சொல்வார்கள். நார்ஃபோக்கில் மட்டும் 120க்கு மேல் இருக்கின்றன.

ஜன்னலைப் பார்த்துக் காலத்தைச் சொல்லும் வித்தை ஒன்று உண்டு. அரைவட்ட வளைவு என்றால் நார்மன் காலம், 12ஆம் நூற்றாண்டு. ஒல்லியாக, மேலே கூராக இருந்தால் 13. கல்லில் பூவும் இலையும் நெளிந்தால் 14. நேர்க்கோடுகளாக, கண்ணாடி வீடு மாதிரி அகலமாகத் திறந்தால் 15. இந்தப் பாணிகளுக்கு இன்று புழங்குகிற பெயர்களைப் பரப்பியவர் தாமஸ் ரிக்மன், 1817இல் வந்த புத்தகத்தில். வழிகாட்டிக் கையேடுகள் எல்லாம் இதையே பக்கம் பக்கமாக எழுதும். எனக்கு அதில் அவ்வளவு ஆர்வம் இல்லை. ஒரே தேவாலயத்தில் நாலு பாணியும் கலந்து கிடக்கும், அவ்வளவுதான் விஷயம்.

நான் அதைவிட முக்கியமாக நினைப்பது ஒரு பணக் கணக்கு. 13ஆம் நூற்றாண்டிலிருந்தே இங்கிலாந்தில் ஒரு வழக்கம் நிலைத்துவிட்டது. சான்சலின் பராமரிப்பு, தசமபாகம் வாங்குகிற ரெக்டரின் பொறுப்பு. நேவின் பராமரிப்பு ஊர்மக்கள் பொறுப்பு. சான்சல் வளைவுதான் எல்லை. பல ஊர்களில் நேவ் அரண்மனை மாதிரியும் சான்சல் அதற்கு ஒட்டுப்போட்ட மாதிரியும் இருப்பது இதனால்தான். ஊர்க்காரர்கள் கம்பளிக் காசை நேவில் கொட்டினார்கள். தசமபாகம் வாங்கினவரோ எங்கேயோ தூரத்தில் இருக்கிற மடமாக இருக்கும், ஓட்டை அடைத்தால் போதும் என்று விட்டுவிடும். (இந்தப் பொறுப்பு நிலத்தோடு ஒட்டிக்கொண்டு நம் காலம் வரை வந்துவிட்டது. வார்விக்‌ஷயரில் ஆஸ்டன் கேன்ட்லோ என்ற ஊரில் நிலம் வைத்திருந்த ஒரு தம்பதி, அந்த ஊர்ச் சான்சலைப் பழுதுபார்க்கும் செலவைத் தரவேண்டும் என்று 2003இல் பிரபுக்கள் சபை தீர்ப்பு சொன்னது. நிலம் வாங்குகிறவர்கள் வயிற்றைக் கலக்கிய தீர்ப்பு.)

கட்டடம் மட்டுமில்லை, உள்ளே இருக்கிற சாமான்களும் ஊர்ச் செலவுதான். கேன்டர்பரி பேராயர் ராபர்ட் வின்செல்சி காலத்தில், 1305 வாக்கில், ஊர்மக்கள் என்னென்ன வாங்கி வைக்க வேண்டும் என்று ஒரு பட்டியல் போட்டிருக்கிறார்கள். பூசைப் புத்தகம், பாட்டுப் புத்தகங்கள், பூசைப் பாத்திரம், உடுப்புகள், ஊர்வலச் சிலுவை, தூபக்கால், கயிற்றோடு மணிகள், செத்தவரைத் தூக்கிப்போகப் பாடை, சொரூபங்கள், பூட்டு வைத்த ஞானஸ்நானத் தொட்டி, கல்லறைத் தோட்டத்துக்கு வேலி. கல்யாணச் சீர்வரிசைப் பட்டியல் மாதிரி நீள்கிறது.

தொட்டிக்கு எதுக்குப் பூட்டு? மந்திரித்த தண்ணீரைச் சூனியம் வைக்கிறவர்கள் திருடிக்கொண்டு போவார்கள் என்ற பயம். 1236இலேயே தொட்டியை மூடிப் பூட்ட வேண்டும் என்று உத்தரவு இருக்கிறது. பழைய தொட்டிகளின் விளிம்பைத் தடவிப் பாருங்கள், பூட்டுக் கொக்கி பதித்த இடத்தில் கல் பெயர்ந்திருக்கும். தொட்டி எப்போதும் மேற்கே, வாசலுக்குப் பக்கத்தில்தான் இருக்கும். ஞானஸ்நானம் வாங்கித்தானே சபைக்குள் நுழைய முடியும்? வாசல் பக்கம் வைத்ததற்கு அதுதான் அர்த்தம். நார்ஃபோக்கிலும் பக்கத்துச் சஃபோக்கிலும் எட்டுப் பட்டைத் தொட்டிகள் சில உண்டு. ஏழு பட்டையில் ஏழு தேவதிரவிய அனுமானங்கள், எட்டாவதில் வேறு ஏதாவது காட்சி. இப்படிப்பட்டவை ஏறக்குறைய 40தான் மிச்சம். பாதிக்கு மேல் முகங்களைச் செதுக்கி எடுத்திருப்பார்கள். அந்தக் கதை பின்னால் வருது.

தொட்டியிலிருந்து கிழக்கே நடந்தால் இன்று வரிசையாகப் பெஞ்சு. அதை மனசிலிருந்து எடுத்துவிடுங்கள். நீண்ட காலம் அங்கே பெஞ்சே கிடையாது. ஜனங்கள் நின்றார்கள், முழங்கால் போட்டார்கள். முடியாதவர்களுக்குச் சுவரோரம் ஒரு கல் திண்ணை. பெஞ்சு பரவலாக வந்தது 15ஆம் நூற்றாண்டில்தான். வெள்ளைச் சுவரையும் எடுத்துவிடுங்கள். சுவர் முழுக்கச் சித்திரம் இருந்தது. வடக்குச் சுவரில், வாசலில் நுழைந்ததும் கண்ணில் படுகிற மாதிரி, குழந்தை ஏசுவைத் தோளில் தூக்கிய கிறிஸ்தோபர் ஆளுயரத்துக்கு மேல் நிற்பார். அவரைக் கண்ணால் கண்டவர் அன்றைக்குத் திடீர்ச் சாவு சாக மாட்டார் என்று நம்பிக்கை. தலைக்கு மேலே கூரை உத்தரங்களில் சம்மனசுகள் சிறகு விரித்திருக்கும். கேம்பிரிட்ஜ்‌ஷயரில் மார்ச் என்ற ஊரில் இருக்கிற கூரையில் கிட்டத்தட்ட 120 சம்மனசுகள். கழுத்து வலிக்க வலிக்கப் பார்க்கலாம்.

இடைகழிகளில் தூணுக்குத் தூண் சின்னப் பலிபீடங்கள். இன்று ஒன்றுகூட இருக்காது. ஆனால் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. தெற்குச் சுவரில் இடுப்புயரத்தில் ஒரு சின்ன மாடமும், அதன் அடியில் ஓட்டை போட்ட கல் கிண்ணமும் தெரிந்தால் அதற்குப் பிசினா என்று பெயர். குருக்கள் விரலையும் பாத்திரத்தையும் கழுவிய தண்ணீர் கண்ட இடத்தில் கொட்டக்கூடாது, நேராக மந்திரித்த மண்ணுக்குள் இறங்கணும். அதுக்கான வடிகால் அது. பிசினா இருந்தால் பக்கத்தில் பலிபீடம் இருந்தது. சந்தேகமே வேண்டாம்.

இப்போது படிக்கட்டுக்கு வரலாம்.

சான்சல் வளைவின் அடியில், நேவுக்கும் சான்சலுக்கும் நடுவே, ஒரு மரத்தடுப்பு இருக்கும். ரூட் ஸ்கிரீன் என்பார்கள். ரூட் என்றால் பழைய ஆங்கிலத்தில் சிலுவை. தடுப்பு என்றதும் அடைத்த சுவர் என்று நினைக்க வேண்டாம். இடுப்புவரைக்கும்தான் பலகை. அதில் புனிதர்கள் வரிசையாக, தங்கப் பின்னணியில். அதற்கு மேலே ஜன்னல் கம்பி மாதிரி செதுக்கு வேலை, அந்தப் பக்கம் நடப்பது தெரியும். தடுப்பின் தலையில் ஒரு பரண், ஆள் நடக்கிற அகலத்துக்கு. பரணுக்கு மேலே, கூரையைத் தொடுகிற உயரத்தில், சிலுவையில் தொங்கும் ஏசு. இந்தப் பக்கம் மாதா, அந்தப் பக்கம் அருளப்பர். அதற்கும் பின்னால், வளைவுக்கு மேல் சுவரில், பொதுத்தீர்வைச் சித்திரம். கல்லறையிலிருந்து எழும் பிணங்கள், தராசு, ஒரு பக்கம் மோட்சம், ஒரு பக்கம் நரகத்தின் வாய். நேவில் நிற்கிற எல்லோருக்கும் எந்நேரமும் கண்முன்னே இதுதான்.

நான் ஏறிய படிக்கட்டு அந்தப் பரணுக்குத்தான் போனது. சிலுவைக்கு முன்னால் விளக்கேற்ற, தவசுகாலத்தில் அதைத் துணிபோட்டு மூட, திருநாளில் அங்கே நின்று பாட. விளக்குக்கான மெழுகுக்கு ஊரார் உயில் எழுதிவைத்தார்கள். காசு இல்லாதவர்கள் ஆடு கொடுத்தார்கள், பார்லி கொடுத்தார்கள்.

பூசை லத்தீனில், குருக்கள் முதுகைக் காட்டிக்கொண்டு. பெரும்பாலானவர்கள் நற்கருணை வாங்குவது வருஷத்தில் ஒரு தடவை, ஈஸ்டருக்கு. மற்ற நாளெல்லாம் பார்ப்பதுதான். மணி அடித்ததும் குருக்கள் அப்பத்தைத் தலைக்கு மேல் தூக்குவார், அந்த ஒரு நொடிக்காகத் தடுப்பின் இடுக்கில் எல்லாக் கண்ணும். சில ஊர்களில் அடிப்பலகையில் சின்னச் சின்ன ஓட்டைகள் போட்டிருக்கிறார்கள், முழங்கால் போட்டவர் கண் உயரத்துக்குச் சரியாக. புனிதர் படத்தையே துளைத்துக்கொண்டு! பெயின்ட் அடித்தவர் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ.

ரான்வொர்த் தேவாலயத்தில் இருக்கிற தடுப்பைப் போல இன்னொன்று இங்கிலாந்தில் இல்லை என்பார்கள். பார்த்துவிட்டு நானும் அந்தக் கட்சியில் சேர்ந்துவிட்டேன். நடுவில் பன்னிரண்டு அப்போஸ்தலர்கள். இரண்டு பக்கமும் சிறகு மாதிரி நீண்டு, பக்கப் பலிபீடங்களுக்குப் பின்னணியாகவும் அதே தடுப்பு நிற்கிறது. வலது கோடியில் பூதத்தை மிதிக்கும் மிக்கேல் சம்மனசு, உடம்பெல்லாம் இறகு. தெற்குப் பீடத்துக்குப் பின்னால் கைக்குழந்தைகளோடு மூன்று மரியாக்கள். கூடவே பிரசவ வலியில் கூப்பிடுகிற புனித மார்கரெட். அதாவது அந்த மூலை பெண்களுடைய மூலை. பிள்ளை பெற்று எழுந்தவர்கள் நன்றி சொல்ல வந்து நின்ற இடமாக இருக்க வேண்டும் என்று வரலாற்றாசிரியர் ஏமன் டஃபி சொல்கிறார். அங்கே கொஞ்ச நேரம் நின்றேன். மூன்று மரியாக்களின் குழந்தைகளும் விளையாட்டுச் சாமான்களோடு இருக்கிறார்கள். இறையியல் தெரியாதவளுக்கும் இது புரிந்திருக்கும்.

பக்கத்து ஊர் லட்ஹம். அங்கே தடுப்பில் எழுத்தே இருக்கிறது: ஜான் சால்மன், அவர் மனைவி சிசிலி ஆகியோரின் ஆன்மாவுக்காக வேண்டிக்கொள்ளுங்கள், 14 பவுண்டு கொடுத்தார்கள், மற்ற கொடையாளிகளுக்காகவும் வேண்டுங்கள், ஆண்டு 1493. 14 பவுண்டு எவ்வளவு? அந்தக் காலத்துக் கூலியாளுக்கு நாள் ஒன்றுக்கு சுமார் 4 பென்ஸ். கணக்குப் போட்டால் 840 நாள் கூலி. எதற்காகக் கொடுத்தார்கள் என்பதையும் அந்த வரியே சொல்லிவிடுகிறது. செத்த பிறகு உத்தரிக்கிற ஸ்தலத்தில் கிடக்கும் நாள் குறைய வேண்டும், அதற்கு இருப்பவர்கள் வேண்டிக்கொள்ள வேண்டும். தடுப்பைப் பார்க்கும்போதெல்லாம் பேரைச் சொல்வார்கள் இல்லையா.

இந்த ஏற்பாட்டைத்தான் ஒரே தலைமுறைக்குள் கழற்றிப் போட்டார்கள். 1538இல் எட்டாம் ஹென்றியின் உத்தரவு, சொரூபங்களுக்கு முன்னால் எரியும் விளக்குகளை அணைத்தது. சிலுவை விளக்கை மட்டும் விட்டுவைத்தார்கள். 1547-48இல் அவர் மகன் எட்வர்ட் ஆட்சியில் சிலுவை, சொரூபம் எல்லாம் போயிற்று. இறந்தவர்களுக்குப் பூசை வைத்த சங்கங்களையும் கலைத்தார்கள். 1550இல் கல் பீடங்களை உடைத்து மர மேசை போடச் சொன்னார்கள். (சில பீடக் கற்களைத் தரையில் பாவிவிட்டார்கள். நடந்துபோகும்போது ஐந்து சின்னச் சிலுவை வெட்டிய பலகைக்கல் காலில் பட்டால் அது பழைய பீடம்.) 1553இல் மேரி ராணி வந்தார், எல்லாவற்றையும் திருப்பி வை என்றார். 1558இல் எலிசபெத் வந்தார், எடு என்றார். 1561இல் குறிப்பாக ஒரு உத்தரவு: பரணை இறக்கு, கீழே இருக்கிற தடுப்பு இருக்கட்டும். என் படிக்கட்டு எங்கும் போகாமல் நின்றது அன்றிலிருந்துதான். 1540இல் பிறந்த ஒரு குழந்தை 21 வயசுக்குள் எத்தனை முறை ஏறி இறங்கியதைப் பார்த்திருக்கும்!

எடுத்தவர்கள் யார் என்றால், பெரும்பாலும் வெளியாள் இல்லை. உத்தரவு லண்டனிலிருந்து வந்தது. ஆனால் ஏணி வைத்தது, தச்சனுக்குக் கூலி கொடுத்தது, மரத்தை விற்றது எல்லாம் அந்தந்த ஊர் நிர்வாகிகள். காசு கொடுத்து வாங்கினவர்களின் பிள்ளைகள்.

டெவனில், எக்ஸ்மூர் ஓரத்தில் மோர்பாத் என்று 33 வீடு கொண்ட ஊர். அங்கே கிறிஸ்டோபர் ட்ரைகே என்ற பங்குச் சாமியார் 1520 முதல் 1574 வரை, 54 வருஷம், ஒரே இடத்தில் இருந்தார். ஊர்க் கணக்கை அவரே எழுதினார், எழுதியதை ஊர் கூட்டி வாசித்தார். கணக்குப் புத்தகம் தப்பிப் பிழைத்திருக்கிறது. ஏமன் டஃபி அதை வைத்து எழுதிய புத்தகம் 2001இல் வந்தது. கோவில் ஆட்டுமந்தையின் கம்பளிக் காசு, வாலிபர் நிதி, கன்னிப்பெண்கள் நிதி, எல்லாம் அதில் இருக்கிறது. புனித சிட்வெல் என்ற கன்னியின் சொரூபத்துக்கு வெள்ளிச் செருப்பு செய்ய ஊரார் கொடுத்தது உட்பட. ட்ரைகேக்கு ஒரு ஆசை. அடக்கப் பூசைக்குக் கறுப்பு உடுப்பு ஒரு செட் வேண்டும். தனக்கு வருகிற சின்னச் சின்ன வரும்படியை இருபது வருஷத்துக்கு மேல் அதற்காகச் சேர்த்தார். உடுப்பு வந்து சேர்ந்த வருஷம் 1547. அதைப் போட்டுப் பூசை வைக்கிற வழக்கமே முடியப்போகிற நேரம்.

1549இல் ஆங்கில ஜெப புத்தகத்தை எதிர்த்து மேற்கே கலகம் வெடித்தபோது, மோர்பாத் ஐந்து இளைஞர்களை எக்ஸிடர் முற்றுகைப் பாசறைக்கு அனுப்பியது. செலவைக் கணக்கிலேயே எழுதிவைத்திருக்கிறார் மனுஷர். கலகத்தை அரசாங்கம் நசுக்கியது. மேரி ராணி காலத்தில் ஊரார் தங்கள் வீடுகளில் ஒளித்துவைத்திருந்த சாமான்களை ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். பிறகு எலிசபெத் காலத்தில் அவற்றை மறுபடி இழந்தார்கள். ட்ரைகே மட்டும் அங்கேயே இருந்தார், மேசைக்குப் பின்னால் நின்று ஆங்கிலத்தில் ஜெபம் படித்துக்கொண்டு.

சீர்திருத்தக்காரர்களை வில்லனாக்கிவிட்டு எழுந்து போவது சுலபம். எனக்கு அதில் உடன்பாடில்லை. வேதம் சொந்த பாஷையில் வேண்டும் என்றவர்கள் அவர்கள். காசிருப்பவன் ஆன்மாவுக்கு மட்டும் ஆயிரம் பூசை, இல்லாதவன் கதி என்ன என்று கேட்டவர்களும் அவர்கள்தான். நியாயமான கேள்வி. ஆனால் அந்தக் கேள்விக்கான விலையை அரசர் கொடுக்கவில்லை. மோர்பாத் மாதிரி ஊர்கள் கொடுத்தன.

இங்கிலாந்து முழுவதிலும் இடைக்கால ஊர்த் தேவாலயச் சிலுவைக் கூட்டம் ஒன்றுகூட அப்படியே முழுசாக இன்று இல்லை. துண்டுதான். அல்லது நிழல். நிழல் என்று சும்மா சொல்லவில்லை. சஃபோக்கில் வென்ஹாஸ்டன் என்ற ஊரில் பொதுத்தீர்வையைச் சுவருக்குப் பதில் மரப்பலகையில் எழுதியிருந்தார்கள். பின்னால் அதன்மேல் வெள்ளையடித்து மறந்துபோனார்கள். 1892இல் பழுதுபார்த்தபோது பழைய பலகை என்று கழற்றிக் கல்லறைத் தோட்டத்தில் போட்டார்கள். ராத்திரி மழை. காலையில் பார்த்தால் சுண்ணாம்பு கரைந்து மிக்கேல், தராசு, பேய்கள் எல்லாம் வெளியே! நடுவில் மட்டும் மூன்று இடம் படமே இல்லாமல் வெறும் பலகை: ஒரு சிலுவை வடிவம், இரண்டு பக்கமும் ஆள் வடிவம். ரூட் உருவங்கள் முன்னால் நின்றதால் அந்த இடத்தில் ஓவியர் பெயின்டை வீணாக்கவில்லை. உருவங்கள் போய்விட்டன, இடம் இருக்கிறது.

நார்ஃபோக்கில் பின்ஹம் மடாலயத் தேவாலயத்தில் வேறு மாதிரி. அங்கே தடுப்பிலிருந்த புனிதர்கள் மேல் வெள்ளையடித்து, 1539இல் வந்த ஆங்கில வேதாகமத்தின் வசனங்களைக் கறுப்பில் எழுதினார்கள். இப்போது வெள்ளை உரிகிறது. எழுத்துக்கு நடுவே ஒரு கண், ஒரு கிரீடம், ஒரு கை. இரண்டையும் ஒரே பலகையில் படிக்கலாம்.

லட்ஹமில் தடுப்புக்கு மேல் வளைவை அடைத்த மாதிரி ஒரு பலகை உண்டு. அதில் சிலுவையும் மாதாவும் அருளப்பரும், கொஞ்சம் கோணலாக, அவசரமாக எழுதின மாதிரி. மேரி ராணி காலத்து வேலை. செதுக்க நேரமோ காசோ இல்லாமல், பெயின்டில் ஒப்பேற்றியிருக்கிறார்கள். அதே இடத்தின் மறுபக்கம் துணியில் எலிசபெத் ராணியின் முத்திரை. அடுத்த ஆட்சிக்கு அடுத்த படம். நான் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறி மாறி நடந்து பார்த்தேன். பூ அடுக்கிக்கொண்டிருந்த பாட்டி ஒருவர் ஏதாவது தொலைந்துவிட்டதா என்று கேட்டார்.

ஊருக்குக் கிளம்புகிற அன்று காலை, முதலில் பார்த்த அந்தச் சின்னத் தேவாலயத்துக்கு இன்னொரு தரம் போனேன். இந்தத் தடவை படிகளைப் பார்த்துக்கொண்டே ஏறினேன். ஒவ்வொரு படியும் நடுவில் தேய்ந்து குழிந்திருந்தது. என்னை மாதிரி ஏறிப் பார்த்தவர்கள் தேய்த்ததும் இருக்கும். மேல்வாசலின் நிலைக்கல்லில், பரணின் உத்தரத்தைச் செருகிய சதுர ஓட்டை ஒன்று இருந்தது. முதல் நாள் அதைக் கவனிக்கவில்லை. யாரோ அதில் ஒரு மெழுகுவர்த்தியை நட்டு வைத்திருந்தார்கள், பற்றவைக்காமல்.